மாடியில் வந்த கட்டி

என் பேத்திக்குத் தமிழில் ஏறத்தாழ நானூறு சொற்கள் தெரியும். எண்ணியிருக்கிறேன். அவற்றில் முப்பது சாப்பாட்டுப் பொருள்கள், பன்னிரண்டு உறவுமுறைகள், மிச்சத்தில் பெரும்பகுதி ‘வேண்டாம்’ என்பதன் பல வடிவங்கள். எட்டு வயதுக்கு இது போதாது என்று என் மகனிடம் சொன்னால், “அவளுக்குப் பெங்காலில பத்தாயிரம் தெரியும்ப்பா” என்பான். பவானிபூரில் பிறந்து, பவானிபூரிலேயே படித்து, கீழ் வீட்டில் தமிழும் மேல் வீட்டில் வங்காளியுமாக வளரும் குழந்தைக்கு அதுதான் இயற்கையாம். எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்து ஐந்து தலைமுறை ஆகிறது. முதல் நான்கும் பத்திரமாகக் கைமாற்றிக் கொடுத்ததை ஐந்தாவது எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறது. தேடுகிறதா என்பதும் சந்தேகம்தான்.

அந்த நானூறில் ‘ஈறு’ என்ற சொல் இல்லை. பல் இருக்கிறது, நாக்கு இருக்கிறது, வாய் நிறையவே இருக்கிறது. பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் சதைக்கு மட்டும் பெயர் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒழுங்காக வேலை செய்யும் எதன் பெயரையும் நம் வீடுகளில் யாரும் உச்சரிப்பதில்லை.

மழைக்காலம் பாதி கடந்த ஒரு காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, சீருடையும் பையுமாக வந்து எதிரில் நின்றாள்.

“தாத்தா, மாடில ரத்தம் வருது.”

பேப்பரை மடித்தேன். “எந்த மாடில?”

“மேல் மாடில.”

“நெறையவா?”

“கொஞ்சம்தான். தினம் காலம்பற வருது. அமுக்கினா நெறைய வருது.”

எதை யார் அமுக்குகிறார்கள் என்று கேட்பதற்குள் வாசலில் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பூல் கார் ஹாரன் அடித்தது. அந்த ஓட்டுநர் மூன்று முறை அடிப்பார், நான்காவதற்குக் காத்திருக்க மாட்டார். ஓடிவிட்டாள்.

எங்கள் மாடியில் இருப்பது ஒரு வங்காளித் தம்பதி. அந்த அம்மாளைக் கட்டடம் முழுவதும் ‘பௌதி’ என்று அழைக்கும். அண்ணி என்று பொருள். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த நானும் பௌதி என்றே அழைக்கிறேன். அவர் என்னை ‘மேசோமஷாய்’, சித்தப்பா முறை வைத்து அழைக்கிறார். கணக்கு எங்கேயோ உதைக்கிறது. ஆனால் இந்த ஊரில் உறவுமுறைக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். நல்ல மனுஷி. குழந்தைகளுக்கு மேடையில் ஒப்பிக்கும் கலையைச் சொல்லிக்கொடுக்கிறவர். என் பேத்தியும் வாரத்தில் இரண்டு மாலை மேலே போய்க் கற்றுக்கொள்கிறாள். அவரிடம் எனக்கு இருந்த ஒரே மனத்தாங்கல் மீன். வியாழன் தவிர்த்து வாரத்தில் ஆறு நாளும் எங்கள் குளியலறை ஜன்னல் வழியாக வங்காள விரிகுடா உள்ளே வரும்.

ஆகவே மாடியில் ரத்தம் என்றால் என்னவென்று எனக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. மீன் கழுவுகிறார்கள். அமுக்கிக் கழுவுகிறார்கள். அது குழாய் வழியாக நம் முற்றத்துக்கு இறங்குகிறது. குழந்தை கண்ணில் பட்டிருக்கிறது. தரையில் உட்கார்ந்து குழாயடியைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. அதாவது, ஆதாரத்தை அழித்துவிட்டார்கள்.

மேலே போனேன். பௌதி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“ரத்தமா? மேசோமஷாய், என் மீனைக் கடைக்காரனே வெட்டிக் கழுவித்தான் தருகிறான். என் வீட்டில் நான் கறிவேப்பிலைகூட அமுக்குவதில்லை.”

“குழந்தை பொய் சொல்லாது.”

“குழந்தை சொல்லாது. பெரியவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.”

அதோடு மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு சந்தேஷ் இனிப்பு வருவது நின்றது. வாரத்துக்கு நான்கு சந்தேஷ், ஒன்று எனக்கு. நீதிக்காகப் போராடுகிறவன் இழக்க வேண்டியவை இவை.

உண்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லியோடு வெளிப்பட்டது. என் மகன் சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் பள்ளி ஆசிரியை. இருவரும் பகல் வெளிச்சத்தில் வீட்டில் சேர்ந்திருப்பது வாரத்தில் ஒரு நாள். பேத்தி இட்லியை முன்பல்லால் கடிக்காமல் கடைவாய்க்குத் தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் சொன்னாள்:

“தாத்தா, மாடி பெரிசாயிடுத்து.”

“பார்த்தியாடா!” என்றேன் மகனிடம். “மேல இன்னொரு ரூம் எடுக்கறா. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? இந்தச் செவுரு தாங்குமா?”

மருமகள் பெஹாலாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவள் காப்பியைக் கீழே வைத்தாள். மகளின் தாடையைப் பிடித்து மேலுதட்டைத் தூக்கினாள்.

“அப்பா, இவ மாடிங்கறது மாடி இல்ல. பெங்காலில ஈறுக்கு மாடின்னு பேரு. ஈறுலதான் ஏதோ வந்திருக்கு.”

“ஈறுலயா?” என்றேன்.

பேத்தி துள்ளி எழுந்தாள். “ச்சீ! எனக்கு ஈரு இல்ல! பேனும் இல்ல! அம்மா போன வாரம்தான் பாத்தா!”

தலையில் இருக்கும் ஈர் அந்த நானூறில் இருக்கிறது. வாயில் இருக்கும் ஈறுதான் இல்லை.

டார்ச் கொண்டுவந்து பார்த்தோம். மேல்வரிசையில், முன்பல் ஒன்றுக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவே, ஈறிலிருந்து ஒரு சிவந்த உருண்டை எட்டிப் பார்த்தது. மாதுளை முத்து அளவு, அதே நிறம், அதே பளபளப்பு. பிரஷ் பட்டால் ரத்தம் வருகிறதாம், அதனால் அந்த இடத்தில் பிரஷ் போடுவதையே நிறுத்திவிட்டாளாம். வலி இல்லை என்றாள். வலிக்காத கட்டியைப் பற்றி என் தலைமுறைக்கு ஒரு கருத்து உண்டு. அதை நான் சொல்லவில்லை. என் மகன் கைப்பேசியைத் தட்டி அதே கருத்தை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

மாலைக்குள் ஐந்து யோசனைகள் சேர்ந்தன. உப்புத் தண்ணீர், கிராம்புத் தைலம், நூல் கட்டி இறுக்குவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது, சென்னைக்கு அழைத்துப் போவது. கடைசி யோசனை பெஹாலா சம்பந்தியுடையது. அவர் எதற்கும் சென்னை என்பார். இங்கே டாக்டர்களே இல்லை என்று அறுபது வருஷமாக இங்கேயே நல்ல ஆரோக்கியத்துடன் சொல்லிவருகிறார்.

மறுநாள் தெருமுனையில் இருக்கும் பல் வைத்தியரிடம் போனோம். பெயருக்குப் பின்னால் அவருக்குப் பதினேழு ஆங்கில எழுத்துகள். நடுவில் புள்ளி வைத்துப் பார்த்தால் பாதி ஊர்ப்பெயர். கட்டியை உற்றுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கையைத் துடைத்துக்கொண்டார்.

“இதன் வேர் பல்லில் இருக்கிறது. கட்டியை மட்டும் வெட்டினால் திரும்பத் திரும்ப வரும். இந்த முன்பல்லையும் சேர்த்து எடுத்துவிட்டால் தொல்லை விட்டது.”

“இது பால்பல் இல்லையே,” என்றாள் மருமகள். “இப்போதுதானே முளைத்தது.”

“அதனால்தான் சொல்கிறேன். புதுசு, சுலபமாக வரும்.”

கடையை விட்டு வெளியே வந்தோம். பேத்தி படியில் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அதை எடுத்தா அப்பறம் வேற வருமா?”

“வராது,” என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு வராது.

“அப்போ நான் எப்பவும் போக்லாவா?”

போக்லா என்றால் பொக்கைவாய். முந்தின வருஷம் முழுவதும் வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். முன்னால் இரண்டு பல்லும் ஒரே மாதத்தில் விழுந்து, புதுப்பல் வருவதாகப் போக்குக்காட்டிக்கொண்டே இருந்தது. ‘த’ வரும் இடமெல்லாம் காற்று வந்ததால் பௌதியின் மேடையில் அவளுக்கு வாயைத் திறக்காத மரம் வேஷம் கொடுத்தார்கள். அந்தப் பல் ஒருவழியாக இறங்கி, அவள் மரத்திலிருந்து மனுஷியாக உயர்ந்து, பூஜை விழா மேடைக்கு எட்டு வரி ஒப்பிக்க வாங்கியிருந்தாள். இப்போது பதினேழு எழுத்துக்காரர் சுலபமாக வரும் என்கிறார்.

அன்றிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். பல்லை யாரும் பார்க்காமல் இருந்தால் யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. எங்கள் ஆபீசில் இந்த முறையால் முப்பது வருஷம் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் நான் சிரிக்கவில்லை.

சால்ட் லேக்கில் குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கும் டாக்டர் ஒருத்தி இருக்கிறாள் என்று மகன் கண்டுபிடித்தான். மெட்ரோ ஏறி, நடுவில் மாறி, கடைசியில் ஆட்டோ பிடித்து நானும் மருமகளும் அழைத்துப் போனோம். காத்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி. பதினொரு மீன் என்றேன். பேத்தி கையை எடுக்காமலே “பன்னண்டு” என்றாள். பாசிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. மீன் விஷயத்தில் இவளுக்கு எங்கிருந்து இந்தக் கூர்மை என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் யாரையும் பார்க்காமல் நேராகக் குழந்தையிடம் போய், கையை எடுக்கச் சொல்லாமல், “கைக்குப் பின்னால் எத்தனை பல் இருக்கிறது?” என்று வங்காளியில் கேட்டாள். பேத்தி எண்ணிக் காட்ட வாயைத் திறந்தாள். என் வம்சம்.

பிறகு எங்களிடம் கேள்விகள். வலிப்புக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாளா? சில மாத்திரைகள் ஈறை வளர்த்துவிடுமாம். வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா? உடம்பில் வேறெங்காவது ரத்தம், காய்ச்சல்? எல்லாவற்றுக்கும் இல்லை. பல்லை ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. எக்ஸ்ரே எடுத்தாள்.

“எலும்பு நன்றாக இருக்கிறது, பல் கெட்டியாக இருக்கிறது,” என்றாள். “இது எபுலிஸ். ஈறில் வரும் சாதாரண வளர்ச்சி. பல் ஓரத்தில் காரையோ வேறு எதுவோ உறுத்திக்கொண்டே இருந்தால் சில குழந்தைகளுக்கு ஈறு கோபித்துக்கொண்டு இப்படிச் சதை போடும். பயப்படுகிற வகையாகத் தெரியவில்லை. இருந்தாலும் வெட்டினால் வெட்டியதைச் சோதனைக்கு அனுப்புவோம். பார்த்து மட்டும் சத்தியம் செய்யக் கூடாது.”

“பல்லை எடுக்க வேண்டும் என்று ஒருத்தர் சொன்னாரே,” என்றேன்.

“பல் என்ன பாவம் செய்தது, தாதூ?” என்றாள். தாதூ என்றால் தாத்தா. “அது பக்கத்து வீட்டுக்காரன். கலவரம் நடந்த தெருவில் குடியிருந்தான் என்பதற்காகப் பிடித்துப்போவதா?”

பேத்தி நாற்காலியிலிருந்து டாக்டரைப் பார்த்த பார்வையை நான் என் வாழ்நாளில் யாரிடமிருந்தும் பெற்றதில்லை.

ஆனால் டாக்டர் உத்தரவாதம் தரவில்லை. அந்த இடத்தை அன்றே சுத்தம் செய்தாள். ரத்தம் வருகிறதென்று பிரஷ் போடாமல் விட்டதால்தான் அழுக்கு சேர்ந்து இன்னும் ரத்தம் வருகிறது. மெல்லிய பிரஷால் தினம் இரண்டு வேளை தேய்க்க வேண்டும், ரத்தம் வந்தாலும் சரி. இரண்டு வாரம் பார்ப்போம். சுருங்கினால் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம். சரியாகச் சுத்தம் செய்யாமல் அது திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பல்லைப் பற்றி அவளாலும் ஒன்றும் சொல்ல முடியாது. “பல் இருக்க வேண்டுமா, பிரஷ்,” என்றாள் குழந்தையிடம்.

திரும்பும் மெட்ரோவில் பேத்தி புத்தம் புதிய சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எபுலிஸ். எ புலிஷ். வங்காளியில் ‘எ புலிஷ்’ என்றால் ‘இது போலீஸ்’. அவளுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் பெஹாலாவுக்குத் தானே போன் போட்டுத் தன் தமிழில் செய்தியைச் சொன்னாள். மூன்று சொல்தான் சொன்னாளாம்: “மேல் மாடில புலிஷ்.”

ஐந்து நிமிஷத்தில் சம்பந்தி என்னை அழைத்தார்.

“என்ன ஓய், மாடில போலீஸ் வந்திருக்காமே? கடைசில மீன் விஷயத்துக்கு கேஸே கொடுத்துட்டீரா?”

“ஈறுய்யா! ஈறுல எபுலிஸ்!”

“யாரு எழுதிண்டா? எஃப்.ஐ.ஆரா?”

அவருக்குக் காது மந்தம், எனக்குக் குரல் பெரிது. இரண்டுக்கும் நடுவில் பாத்திரம் தேய்க்கும் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் எங்கள் வீட்டை முடித்துவிட்டு நேராக மாடிக்குப் போவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. “போலீசும் இல்ல, கேசும் இல்ல!” என்று நான் கத்தியதில் போலீஸ், கேஸ் இரண்டும் அவளுக்குப் புரிந்துவிட்டன. மாடியை என் கை வேறு சுட்டிக்காட்டியதாம்.

பௌதி இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றார்.

“மேசோமஷாய், இருபது வருஷம் கீழும் மேலுமாக இருக்கிறோம். ஒரு மீனுக்குப் போலீஸா?”

மருமகள்தான் உள்ளே அழைத்து உட்காரவைத்து எல்லாவற்றையும் வங்காளியில் விளக்கினாள். மாடியிலிருந்து மாடிக்கு, புலிஸிலிருந்து புலிஷுக்கு. பௌதி முதலில் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். தமிழர்களுக்குக் கட்டடம் எல்லாம் வாயில்தான் இருக்கிறது என்றார். பிறகு குழந்தையைக் கூப்பிட்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“ஆஹாரே… இது எப்போது வந்தது?”

“மழை ஆரம்பிச்சப்போ,” என்றாள் பேத்தி.

பௌதி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. டீயைப் பாதி வைத்துவிட்டு எழுந்தார். நாங்கள் அவருக்குக் குழந்தையிடம் எவ்வளவு பிரியம் என்று பேசிக்கொண்டோம்.

இரண்டு வாரமும் நான்தான் டார்ச் பிடித்தேன். பேத்தி அழுதுகொண்டே தேய்த்தாள், துப்பினாள், சிவப்பைப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். போக்லா என்ற சொல்லுக்கு இருக்கும் பலம் எந்த அறிவுரைக்கும் இல்லை. ரத்தம் குறைந்தது. சிவப்பும் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் மாதுளை முத்து முத்தாகவே இருந்தது. வெட்டியே ஆக வேண்டும் என்று ஆயிற்று.

ஒருவருக்கு மேல் உள்ளே வரக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்த அறைக்குள் நாங்கள் மூவரும் நின்றோம். மகன், மருமகள், நான். மகன் லீவு போட்டிருந்தான். ஊசி போடும்போது மட்டும் பேத்தி என் கட்டைவிரலைப் பிடித்தாள். பிறகு உதடு மரத்து, மொழி எல்லாம் குழைந்துபோய், “தாத்தா, என் மூஞ்சி எங்க?” என்றாள்.

கட்டியை எடுத்தது கண்ணிமைக்கும் நேரம்தான். டாக்டர் அதை மருந்து இருந்த சின்னக் குப்பியில் போட்டாள். அதன் பிறகுதான் வேலையே. அது இருந்த இடத்தையும் பல்லின் ஓரத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்தாள். மிச்சம் வைத்தால் திரும்ப வருமாம். சுரண்டிக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்தினாள். எதையோ மெல்லப் பிடித்து இழுத்துத் தட்டில் வைத்தாள். ‘டிக்’ என்றது.

“ஆ!” என்றாள், இரையைப் பிடித்த பூனை மாதிரி. “இதுதான் உறுத்தியிருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியாத அளவுக்கு மெலிசு. பாருங்கள்.”

பார்த்தேன். அரிசியை நீளவாக்கில் நாலாக அறுத்தால் வரும் அளவு. வெள்ளை.

“என்ன அது?”

“மீன் முள், தாதூ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த டாக்டர், இப்படியா. “இல்லைம்மா,” என்றேன். “நாங்கள் சைவம். ஐந்து தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும் சைவம். முட்டைகூடக் கிடையாது. கேக்கில் இருந்தால் நாங்கள் விசாரிப்பதில்லை, அவ்வளவுதான்.”

“முள்ளுக்கு அதெல்லாம் தெரியாதே,” என்றாள் டாக்டர். குழந்தை பக்கம் குனிந்தாள். “எந்த மீன்?”

மரத்த உதட்டில் அந்தப் பெயர் மட்டும் தெளிவாக வந்தது.

“இலிஷ்.”

மழைக்கால மீன். இந்த ஊரே ஆறு மாதம் காத்திருந்து, மூன்று மாதம் தின்று, மூன்று மாதம் அதைப் பற்றியே பேசும். முடி மாதிரி முள்ளாம்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். மருமகள் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இந்தச் செய்தியால் ஆச்சரியப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். ஒருவர்.

“உனக்குத் தெரியுமாடா?”

“அப்பா, நானே அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து…” என்று ஆரம்பித்து, மனைவி பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பெஹாலாவில் வளர்ந்த பெண்ணை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எண்ணிக்கை ஏறும்.

குனிந்து பேத்தியிடமே கேட்டேன். “எங்க சாப்டே?”

“மாடில.”

“எந்த மாடில?”

அவள் யோசித்தாள். வாயில் பஞ்சு இருந்தது.

“ரெண்டு மாடிலயும்.”

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் மூவரும் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மூவர் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

இரண்டு நாள் தயிர்சாதமும் ஐஸ்கிரீமும். சூடும் காரமும் கூடாது. எங்கள் வீட்டு ரசத்தை மருத்துவக் காரணத்துக்காக ஒருத்தி மறுத்தது அதுவே முதல் தடவை. மற்றவர்கள் எப்போதும் சுவைக் காரணத்துக்காகத்தான் மறுப்பார்கள். சோதனை முடிவு வந்ததும் டாக்டர் போன் செய்தாள். நீளமான பெயர் ஒன்றைச் சொல்லி, அதன் அர்த்தம் ‘ஒன்றுமில்லை’ என்றாள். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு நீளமான பெயர் வைக்க வைத்தியர்களால்தான் முடியும். பல் பத்திரம். இந்த வகைக் கட்டி திரும்பவும் தலைகாட்டலாம். சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

நான் மாடிக்குப் போனேன். பௌதி கதவைத் திறந்தபோதே கண் கலங்கியிருந்தது. பூல் காரிலிருந்து இறங்கிய பேத்தி, எனக்கு முன்னால் மேலே ஓடி எல்லாவற்றையும் பத்தாயிரம் சொற்களில் சொல்லியிருந்தாள்.

“நான் ஒவ்வொரு வாயும் முள் பார்த்துத்தான் கொடுத்தேன், மேசோமஷாய். அன்றைக்குப் பார்த்த உடனே எனக்கு மனசில் பட்டது. சொல்ல வாய் வரவில்லை. இனிமேல் அவளை மேலே அனுப்ப மாட்டீர்கள்.”

அனுப்ப மாட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். மூன்று வாக்கியம் தயார் செய்து, படியேறும்போது சரிபார்த்தும் வைத்திருந்தேன். உள்ளே பேத்தி நடுக்கூடத்தில் நின்று பூஜைக்கான எட்டு வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையை வாயிலிருந்து எடுத்திருந்தாள். ‘த’ வந்த இடமெல்லாம் ‘த’ வந்தது. ஏழாவது வரியில் ஒரு சொல்லை விட்டாள், பௌதி அழுதுகொண்டே எடுத்துக்கொடுத்தார்.

“முள் இல்லாத மீன் இருக்கிறதா இந்த ஊரில்?” என்று கேட்டேன்.

“பேட்கி இருக்கிறதே,” என்றார் பௌதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “துண்டாகவே வரும், முள் இருக்காது. ஆனால் மேசோமஷாய், அது இலிஷ் ஆகுமா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி ஐந்து தலைமுறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் இல்லை போலிருக்கிறது. திரும்பி வரும்போது நான்கு சந்தேஷ் கொடுத்தார்.

இப்போது ஏற்பாடு இதுதான். மாடியிலிருந்து இறங்கி வந்தால் பிரஷ் போட்டுவிட்டு நேராக என் நாற்காலிக்கு வர வேண்டும். நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதில்லை. வாசனைக்கு விளக்கம் தேவையில்லை. கட்டி இருந்த இடத்தில் ஈறு இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டது. முன்பல் மற்றதைவிட ஒரு நூல் உயரமாக, தான் தப்பித்தது தெரியாத திமிருடன் நிற்கிறது. நேற்றும் வந்து வாயைத் திறந்தாள்.

“மேல் மாடில ஒண்ணும் இல்ல, தாத்தா. போதும்.”

“கீழ் மாடியையும் காட்டு,” என்றேன்.